கையால் செய்த வெள்ளி மணி மாலை: பாலியா, ஏமனா, வேறு எங்காவதா?

கேள்வி: மணிச்சரம்

அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மா அணிந்திருந்த வெள்ளி மணி மாலை ஒன்று இப்போது என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் அதை எங்கே வாங்கினார், யார் கொடுத்தார்கள் என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இப்போது இல்லை. மாலை இருந்த பெட்டியிலும் ரசீதோ குறிப்போ கிடைக்கவில்லை. விற்கும் எண்ணம் எனக்குச் சிறிதும் கிடையாது; அது எந்த மண்ணில், எந்தக் கைகளால் செய்யப்பட்டது என்பதை மட்டும் அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

மாலையில் 26 மணிகள் உள்ளன. அவற்றில் 18 உருண்டையானவை, 6 மல்பெரிப் பழம்போல் பொடிமணிகள் கொத்தாக அப்பியிருப்பவை, 2 நடுவில் பருத்து இரு முனைகளிலும் கூம்பியவை. மாலையின் நடுவே தாயத்துக் கூடு போன்ற ஒரு குழல் தொங்குகிறது. அதன் அடியில் சிறு சங்கிலிகளும் சலங்கைகளும் இருக்கின்றன. பூட்டுக்கு அருகில் ஒரு பெரிய வெள்ளி நாணயம் கோக்கப்பட்டுள்ளது. அதன் ஒரு புறத்தில் முக்காடிட்ட ஒரு பெண்ணின் உருவமும், மறுபுறத்தில் இரட்டைத் தலைக் கழுகும் 1780 என்ற ஆண்டும் காணப்படுகின்றன. பூட்டில் 925 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறது.

படங்களைப் பழம்பொருள் விற்பவர்கள் இருவரிடம் காட்டினேன். ஒருவர் பார்த்த மாத்திரத்தில் பாலித் தீவு என்றார். மற்றவர் அதே உறுதியோடு ஏமன் என்றார். எனக்குக் குழப்பம் தந்தது என்னவென்றால், இருவரும் காட்டிய காரணம் ஒன்றே: மணிகளின் மேல் ஒட்டப்பட்டுள்ள பொடி உருண்டைகள். ஒரே அடையாளம் இரண்டு நாடுகளைக் காட்டுமானால் அதை அடையாளம் என்று எப்படிக் கொள்வது? நாணயத்தில் உள்ள ஆண்டை வைத்து மாலைக்கு ஏறத்தாழ 240 வயது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது சரியா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஊதுகுழல்

மணிச்சரம் அவர்களுக்கு வணக்கம். வெள்ளிப் பட்டறையில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்களுக்கு விடை சொன்ன இருவரும் மணியின் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதன் வாயையும் வயிற்றையும் பார்க்கவில்லை. முகத்தில் இருக்கும் வேலைப்பாடு ஊர்விட்டு ஊர் எளிதில் போய்விடும், ஏனென்றால் ஒரு படத்தைப் பார்த்தே அதைப் போலச் செய்துவிடலாம். ஆனால் இரண்டு அரை உருண்டைகளைச் சேர்த்து மூடுவதும், துளை போடுவதும், உள்ளே எதையாவது நிரப்புவதும் தந்தையின் அருகில் உட்கார்ந்து கற்ற கைப்பழக்கங்கள். அவை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பிறப்பிடத்தை அங்கேதான் தேட வேண்டும்.

பொடி உருண்டை ஒட்டும் வேலையை நம் பக்கத்தில் ரவை வேலை என்கிறோம். வெள்ளிக் கம்பியைப் பொடியாக நறுக்கிக் கரியின் மேல் வைத்து ஊதினால், ஒவ்வொரு துண்டும் உருகியவுடன் தானாகவே திரண்டு உருண்டையாகிவிடும். உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை செய்கிற வேலை இது. எந்த நாட்டு வெள்ளியானாலும் அப்படித்தான் திரளும். ஆகவே இந்த நுட்பம் எவருக்கும் தனியுடைமை அன்று. இத்தாலியின் பண்டைய எட்ருஸ்கர்கள் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே பொன்னில் இதை வியக்கத்தக்க நுணுக்கத்தோடு செய்திருக்கிறார்கள். பாலித் தீவில் இதற்கு ஜாவான் என்று பெயர். அங்கே உருண்டைகளை இடத்தில் நிறுத்திவைக்கக் குன்றிமணியை அரைத்த பசையைப் பயன்படுத்துவது மரபு. நம் பொற்கொல்லர்கள் எடைக்கல்லாக வைத்திருந்த அதே குன்றிமணி கடல் கடந்து பசையாக நிற்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியாக இருந்தது.

இனி வயிற்றுக்கு வருவோம். தகட்டை வட்டமாக வெட்டிக் குழியச்சில் வைத்துத் தட்டினால் ஒரு கிண்ணம் கிடைக்கும். இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் வைத்துப் பற்றவைக்கும் உலோகப் பொடியும் வெண்காரமும் இட்டு ஊதினால் அது உருண்டை மணி. காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும் என்பதால் துளையை முன்பே போட்டுவிடுவார்கள். இந்த அடிப்படை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அதற்குப் பின் ஒவ்வொரு மரபும் தன் வழியில் பிரிகிறது. ஏமனில் இரு கிண்ணங்களும் சேரும் நடுமூட்டின் மேல் முறுக்குக் கம்பியையோ ரவை வரிசையையோ பட்டைபோல் ஓட்டி அதை மறைப்பது வழக்கம். அமெரிக்காவின் தென்மேற்கில் நவாஹோ மக்கள் செய்யும் மணிகளில் மூட்டை அரத்தால் தேய்த்துவிட்டு வெறுமையாகவே விட்டுவிடுவார்கள். கூர்ந்து பார்த்தால் நடுவே ஒரு மெல்லிய கோடு தெரியும். இராஜஸ்தான், குஜராத் பகுதிகளின் மணிகளில் தகடு மிக மெலிதாக இருக்கும். நசுங்காமல் இருப்பதற்காக உள்ளே அரக்கை உருக்கி நிரப்புவார்கள்.

உங்கள் மாலையைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியால், ஒவ்வொரு மணியாகப் பாருங்கள். மாலை முழுவதும் ஒரே ஊரைச் சேர்ந்தது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து முதலில் ஒதுக்கிவையுங்கள். ரவை உருண்டை தகட்டைத் தொடும் இடத்தில் மெல்லிய இடுக்கு தெரிகிறதா, அல்லது உருண்டையும் தகடும் ஒன்றாகக் கரைந்து மேடுபோல் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இடுக்கு தெரிந்தால் தனித்தனியாக ஒட்டியது. கரைந்திருந்தால் வார்ப்பாகவோ அச்சில் அடித்ததாகவோ இருக்கலாம். ஒரு மணியில் ஒரு உருண்டை விடுபட்டிருந்தால், அதே இடத்தில் மற்ற மணியிலும் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையால் ஒட்டுகிறவரின் தவறு ஒரே இடத்தில் இரண்டு முறை விழாது. துளையின் விளிம்பு, துளைக்குள் தெரியும் பொருள், தட்டினால் எழும் ஓசை ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுங்கள்.

அதுவரை மாலையைத் துலக்க வேண்டாம். கறுப்பை நீக்கும் திரவத்தில் முக்கினால் நாம் படிக்க வேண்டிய எழுத்தையே அழித்ததாகிவிடும். வெந்நீரும் கூடாது, அரக்கு இருந்தால் இளகிவிடும்.

பதில்: நாணயப்பெட்டி

நாணயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசி மரியா தெரசாவின் தாலர் என்ற வெள்ளி நாணயம். அவர் இறந்த ஆண்டு 1780. அதற்குப் பின்னும் அதே ஆண்டைப் பொறித்தே தொடர்ந்து அச்சடித்தார்கள், ஏனெனில் செங்கடலின் இரு கரைகளிலும் வணிகர்கள் அந்த உருவத்தையும் அந்த ஆண்டையும் தவிர வேறு எதையும் நம்பி வாங்கவில்லை. வியன்னாவில் மட்டுமன்றி இலண்டன், பாரிஸ், ரோம், பம்பாய் நாணயச் சாலைகளிலும் 20ஆம் நூற்றாண்டில் இதே நாணயம் அடிக்கப்பட்டது. ஆகவே 1780 என்ற எண்ணை வைத்து மாலையின் வயதைக் கணக்கிட முடியாது. உங்கள் நாணயம் சென்ற நூற்றாண்டில் அடித்ததாக இருப்பதற்கும் நிறைய வாய்ப்பு உண்டு.

ஆனால் இந்த நாணயம் வேறொரு வகையில் உதவும். எடை 28 கிராமுக்குச் சற்று மேல், வெள்ளி ஆயிரத்துக்கு 833 பங்கு. ஏமன், ஓமன், எத்தியோப்பியா ஆகிய மூன்று நாடுகளின் வெள்ளி வேலைக்கும் பல தலைமுறைகளாக மூலப்பொருளாக இருந்தது இந்தத் தாலர்தான். உருக்கி மணியாக்குவார்கள், அல்லது முழுதாகவே மாலையில் கோப்பார்கள். அந்தக் கடற்பகுதியை அது சுட்டுகிறது. அதற்குமேல் ஊரைக் காட்டாது. நாணயத்துக்கு வளையம் ஒட்டப்பட்டிருக்கிறதா, துளையிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

பதில்: கீழ்க்கடல்

பாலி என்று சொன்னவரை நான் முழுவதும் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தீவின் கியான்யார் வட்டாரத்தில் உள்ள செலுக் என்ற ஊர் வெள்ளி வேலைக்கே பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து மணிகள் உலகம் முழுவதும் ஏற்றுமதியாயின. பள்ளங்களில் கருமை ஏற்றி மேடுகளை மட்டும் மெருகிடுவதும், சுருள் கம்பிகளுக்கிடையே ஒரே அளவான ரவைகளை நெருக்கமாக அடுக்குவதும் அந்தப் பாணியின் முகம். ஒரே அளவு என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஏற்றுமதிக்குச் செய்யும் பாலி மணியில் ரவைகள் அளவு பார்த்துப் பிரிக்கப்பட்டிருக்கும், வெள்ளியும் பெரும்பாலும் 925 தரமாக, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியுள்ள ஸ்டெர்லிங்காக இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பாணி விற்பனையானதும் இந்தியாவிலும் சீனாவிலும் அதைப் போலவே செய்யத் தொடங்கிவிட்டார்கள். பாலி என்ற சொல் சந்தையில் ஒரு தோற்றத்தின் பெயராக மாறிவிட்டது. விற்பவர் பாலி என்று சொன்னால் அது தீவின் பெயரா, தோற்றத்தின் பெயரா என்று கேட்டே ஆக வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், பலரும் குழப்பிக்கொள்வதால். வட தாய்லாந்தின் கரேன் மக்கள் செய்யும் மணிகளையும் பாலி மணிகளோடு ஒரே தட்டில் வைத்து விற்கிறார்கள். இரண்டும் வேறு. கரேன் வெள்ளி பெரும்பாலும் 95 முதல் 99 விழுக்காடு வரை தூய்மையானது, அதனால் மென்மையானது. நிறத்திலும் ஸ்டெர்லிங்கைவிட ஒரு வெதுவெதுப்பான வெண்மை தெரியும். அவர்கள் ரவையை அதிகம் நாடுவதில்லை. சிறு உளியால் பூ, இலை, மீன், கோடு என்று தகட்டிலேயே அடித்து வேலைப்பாடு செய்வார்கள். ஒவ்வோர் அடியும் சற்று ஆழமாகவோ சற்றுச் சாய்ந்தோ விழுந்திருக்கும். அந்தச் சாய்வுகள்தான் எனக்கு அந்த மணிகளில் மிகவும் பிடித்தவை. உங்கள் மாலையில் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கரேன் வேலை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

மணிச்சரம்

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு மாலைப் பொழுதுகள் சாளரத்தின் அருகே உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பார்த்தேன். ஒரே மாலை என்று இத்தனை நாள் எண்ணியிருந்தது என் கண்ணெதிரே பிரிந்துகொண்டே போயிற்று.

உருண்டை மணிகள் 18 என்று எழுதியிருந்தேன். அவை உண்மையில் இரண்டு வகை. பதினொன்றில் நடுமூட்டின் மேல் இரண்டு இழைக் கம்பி முறுக்கி ஓட்டப்பட்டிருக்கிறது. ரவைகள் அளவில் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஊதுகுழல் அவர்கள் சொன்ன இடுக்கு தெளிவாகத் தெரிகிறது. துளையைச் சுற்றித் தனியாக ஒரு கம்பி வளையம் ஒட்டப்பட்டுள்ளது. உள்ளே வெறுமையாக இருக்கிறது. நகத்தால் தட்டினால் மெல்லிய ஓசை எழுகிறது. மற்ற ஏழு மணிகளும் தூரத்திலிருந்து பார்த்தால் அதே போலத் தோன்றுகின்றன. ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது அவற்றில் இருப்பவை ஒட்டிய ரவைகளே அல்ல. தகட்டையே உள்ளிருந்து புடைத்த மேடுகள். ஒரு மணி சற்று நசுங்கி வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பில் செம்பழுப்பு நிறத்தில் கெட்டியான ஒரு பொருள் தெரிகிறது. தட்டினால் ஓசையே இல்லை.

மல்பெரி போன்ற ஆறு மணிகளிலும் ரவைகள் தனித்தனியாக ஒட்டப்பட்டவை. கூம்பிய இரண்டில்தான் எனக்கு வியப்பு ஏற்பட்டது. இரண்டிலும் மேலிருந்து மூன்றாவது வரிசையில், இடப்புறம் அதே இடத்தில், ஓர் உருண்டை இல்லை. துளையருகே 925 என்ற எண்ணும் மிகச் சிறிதாக இருக்கிறது.

நாணயத்துக்குத் துளையிடவில்லை, மேல் விளிம்பில் வளையம் ஒட்டியிருக்கிறார்கள். தாயத்துக் குழலின் இரு முனைகளிலும் மூடிகள் உருண்டையாகப் புடைத்திருக்கின்றன, உடலெங்கும் ரவையும் கம்பியும்.

இன்னொன்று: அந்தப் பதினொரு மணிகளிலும் துளையைச் சுற்றி ரவைகள் தட்டையாகத் தேய்ந்திருக்கின்றன. ஏழு மணிகளில் அந்தத் தேய்மானம் இல்லை. இதற்குப் பொருள் உண்டா?

பதில்: பழஞ்சரம்

நிறையப் பொருள் உண்டு. நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதிய அந்தத் தேய்மானம்தான் உங்கள் மடலிலேயே எனக்கு மிக முக்கியமான செய்தி. பக்கத்துப் பக்கத்தில் கோத்த மணிகள் அணிபவரின் ஒவ்வோர் அசைவிலும் ஒன்றையொன்று உரசும். வெள்ளி மெதுவாகத் தேயும். பல ஆண்டுகள் ஒன்றாகவே இருந்த மணிகளின் தேய்ந்த முகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும். பதினொன்றும் தேய்ந்து ஏழும் தேயாமல் இருந்தால், பதினொன்றும் நெடுங்காலம் ஒரு சரத்தில் இருந்தவை என்றும், ஏழும் பின்னால் வந்து சேர்ந்தவை என்றும் கொள்ளலாம். கயிறு அறுந்து சில மணிகள் தொலைந்திருக்கும். கிடைத்ததை வைத்து நிரப்பியிருப்பார்கள். பழைய மாலைகளில் பாதிக்கு மேல் இப்படி மறுமுறை கோத்தவை என்பது என் அனுபவம். அதனால் மாலையின் பிறப்பிடம் எது என்ற கேள்வியையே நான் ஏற்பதில்லை. எந்த மணியின் பிறப்பிடம் என்றுதான் கேட்க வேண்டும்.

பதினொரு உருண்டைகளும், ஆறு மல்பெரி மணிகளும், குழலும் ஏமன் மரபு என்பது என் துணிபு. மல்பெரி மணிக்கு அங்கே தூத் என்று பெயர். அந்தப் பழத்தின் பெயரே அது. முறுக்குக் கம்பி மறைத்த நடுமூட்டு, வாய்வளையம், அளவு பிரிக்காத ரவைகள், புடைத்த முனைகளுடைய குழல், ஒட்டு வளையத்தோடு தாலர் என்று எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. குழல் மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். தாயத்துக் குழல் வட இந்தியாவிலிருந்து மொராக்கோ வரை எங்கும் உண்டு.

ஏமன் வெள்ளி வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அந்நாட்டு யூதக் கைவினைஞர்கள். அவர்களில் பவ்சானி என்ற குடும்பத்தின் பெயர், நுண்ணிய ரவை மற்றும் கம்பி வேலைக்கே பொதுப்பெயராக நின்றுவிட்டது. சில பொருள்களில் செய்தவரின் பெயர் அரபு அல்லது எபிரேய எழுத்தில் சிறு முத்திரையாக இருக்கும். உங்கள் குழலின் பின்புறத்தையும் சலங்கைகளைத் தாங்கும் வளையங்களின் அருகிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 49,000 ஏமன் யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதனால் ஒரு நுட்பம் இரண்டு நாடுகளில் வாழத் தொடங்கியது. ஏமனில் எஞ்சிய முஸ்லிம் கைவினைஞர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். இஸ்ரேலிலோ அதற்கு முன்பே, 1906இல் எருசலேமில் தொடங்கிய பெசாலேல் கலைப் பள்ளியில் ஏமன் வெள்ளிக் கொல்லர்கள் வேலை செய்திருக்கிறார்கள். இஸ்ரேலில் செய்தவற்றில் கம்பி மெல்லியதாகவும் ஒழுங்காகவும் இருக்கும், தர எண்ணும் பெரும்பாலும் இருக்கும். உங்கள் பதினொன்றில் எண் எதுவும் இல்லை, ரவைகளும் சீரற்றவை. எனவே ஏமனிலேயே செய்தவை என்று எண்ணுகிறேன்.

ஓமனை ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்கலாம். ஓமன் வேலையில் தகடு கனமாக இருக்கும், அடித்த வேலைப்பாடு மிகுதி, வெள்ளியின் மேல் பொன் தகடு ஒட்டுவதும் அங்கே அடிக்கடி காணப்படும். மொராக்கோவின் திஸ்னித் பகுதியிலோ முட்டை வடிவ மணிகளில் பச்சையும் மஞ்சளுமாக எனாமல் இட்டிருப்பார்கள். அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதியில் எனாமலோடு பவழமும் சேரும். இவை எதுவும் உங்கள் மணிகளில் இல்லை.

ஏழு மணிகள் இந்தியாவினுடையவை, பெரும்பாலும் மேற்கு இந்தியா. மெல்லிய தகடு, அச்சில் அடித்த மேடு, உள்ளே அரக்கு. இதில் எனக்கு ஐயம் இல்லை. கூம்பிய இரண்டும் வார்ப்பு. ஒரே மூல மணியிலிருந்து அச்செடுத்து வார்த்தவை என்பதற்கு அந்த விடுபட்ட உருண்டையே சாட்சி. அவற்றின் தோற்றம் பாலி. ஆனால் வார்ப்பு மணியை எந்த நாட்டிலும் வார்க்கலாம். ஊரைச் சொல்ல அதில் கைத்தடம் ஒன்றும் இல்லை. பூட்டும் அந்த இரண்டின் காலத்ததாகவே இருக்கும். பாலி என்றவர் அந்த இரண்டைப் பார்த்திருக்கிறார், ஏமன் என்றவர் மற்றவற்றைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

பதில்: உரைகல்

முத்திரையைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையை இங்கே தெளிவுபடுத்த விரும்புகிறேன். 925 என்பது ஆயிரத்தில் எத்தனை பங்கு வெள்ளி என்பதை மட்டும் சொல்லும், நாட்டைச் சொல்லாது. நாட்டைச் சொல்லும் முத்திரைகள் வேறு. உதுமானியப் பேரரசின் வெள்ளியில் சுல்தானின் துக்ரா என்ற கையொப்ப முத்திரை இருக்கும். மெக்சிகோவில் 1948 முதல் கழுகு முத்திரையும், 1979க்குப் பின் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பதிவுக் குறியும் வழங்கின. அந்தக் குறியின் முதல் எழுத்து ஊரைக் காட்டும், டி என்றால் தஸ்கோ. பழைய ஏமன், இந்திய நாட்டுப்புற வெள்ளியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. முத்திரை இல்லாததால் போலி என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

உலோகத்தைச் சோதிக்க விரும்பினால், எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி கொண்டு பார்ப்பது மணிக்கு ஊறு செய்யாது. ஆனால் அது மேற்பரப்பை மட்டும் படிக்கும். சூடாக்கி அமிலத்தில் இட்ட பொருள்களில் மேற்பரப்பிலிருந்து செம்பு கரைந்துபோய் வெள்ளி கூடுதலாகத் தெரியும். ஆகவே துளையருகே தேய்ந்த இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். உங்கள் பதினொன்றும் 83 விழுக்காட்டை ஒட்டி வந்தால் தாலரை உருக்கிச் செய்தவை என்ற கருத்து வலுப்பெறும்; பற்றவைத்த பொடியின் கலப்பால் எண் சற்றுக் கீழே இறங்கலாம். நீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கும் முறை உள்ளீடற்ற மணிக்கும் அரக்கு நிரப்பிய மணிக்கும் பொருந்தாது. கனமான வார்ப்பு மணிக்கு மட்டும் பொருந்தும்: தூய வெள்ளி கன செண்டிமீட்டருக்கு 10.49 கிராம், ஜெர்மன் சில்வர் 9 கிராமுக்கும் கீழே. பெயரில் வெள்ளி இருந்தாலும் ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டுமே. திபெத்திய வெள்ளி என்று இப்போது விற்கப்படுபவற்றில் பலவும் அதைப் போன்ற கலவைதான்.

உரைகல்லில் உரசி அமிலம் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் தொழிலே அதுதான் என்றாலும், ரவை வேலை உள்ள மணியில் உரசுவதற்கென்று வீணாக்கக்கூடிய இடம் எதுவும் இல்லை.

மணிச்சரம்

பழஞ்சரம் அவர்கள் சொன்ன இடங்களில் பார்த்தேன். குழலின் பின்புறத்தில், இடது மூடிக்கு அருகே, நெல்மணி அளவில் ஒரு முத்திரை இருக்கிறது. தேய்ந்திருந்தாலும் இரண்டு எழுத்துகளின் வளைவுகள் தெரிகின்றன. வலமிருந்து இடமாக எழுதும் எழுத்து என்றே படுகிறது. எபிரேயமா அரபா என்று என்னால் சொல்ல முடியவில்லை. படம் எடுத்து இணைக்கிறேன்.

இனி ஏழு இந்திய மணிகளையும் கூம்பிய இரண்டையும் கழற்றிவிட்டு, பழைய பகுதியை மட்டும் கோக்கலாமா என்று யோசிக்கிறேன். குழலின் மூடியைத் திறந்து உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கவும் ஆவலாக இருக்கிறது.

பதில்: ஊதுகுழல்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து வைத்து, நான்கு திசைகளிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்து அனுப்புங்கள். தேய்ந்த எழுத்தின் பள்ளம் நிழலில்தான் தெரியும். எபிரேயம் அறிந்த ஒருவருக்கும் அரபு அறிந்த ஒருவருக்கும் காட்டலாம்.

மணிகளைக் கழற்றுவதற்கு முன் இப்போதுள்ள வரிசையை அப்படியே படமெடுத்து, ஒவ்வொரு மணிக்கும் எண் கொடுத்து எழுதிவையுங்கள். என்னைக் கேட்டால் கழற்ற வேண்டாம் என்பேன். அந்த ஏழு மணிகளைத் தேடி எடுத்து, நிறமும் அளவும் ஒத்துப் பார்த்து, காலியான இடத்தை நிரப்பியவர் உங்கள் பெரியம்மாவாகவே இருக்கலாம். நூல் நைந்திருந்தால் நூலை மட்டும் மாற்றுங்கள். மணிகளுக்கிடையே முடிச்சு இட்டுக் கோத்தால் ரவைகள் மேலும் தேயாது.

குழலைப் பொறுத்தவரை, மூடிக்கும் உடலுக்கும் நடுவே பற்றவைத்த பொடி ஓடிய கோடு தெரிந்தால் அது நிரந்தரமாக மூடியது. திறக்க முயன்றால் தகடு கிழியும். கோடு இல்லாமல் மெல்லிய இடைவெளி தெரிந்தால் செருகு மூடி. அப்போதும் நெம்பாமல், ஒரு கையால் உடலைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூடியை முன்னும் பின்னுமாக மெதுவாகத் திருகிப் பாருங்கள். அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.